நாளும் சட்டமும்: புதுச்சேரி நகரச் சொத்துத் தகராறுகளில் வழக்கறிஞரின் பணி

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரி நகரில் ஒரு வீட்டின் உரிமையை நிறுவ முற்படும் வழக்கறிஞர், பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு, உள்ளூர் இந்து வழக்காறு, இந்தியச் சட்டங்கள் ஆகிய மூன்று சட்ட அடுக்குகளைக் கடந்து செல்ல வேண்டியுள்ளது. இவற்றுள் எது பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, இறப்பு, திருமணம், கிரயம் முதலிய நிகழ்வுகள் நடந்த நாளாகும். எனவே அங்குச் சொத்து வழக்கறிஞரின் முதன்மைப் பணி வாதிடுவதன்று. ஒவ்வொரு நிகழ்வையும் உரிய நாளில் நிறுத்தி, அந்நாளின் சட்டத்தைக் கண்டறிவதே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அப்பணிக்குத் தேவையான ஆவண வாசிப்புத் திறன் அருகி வருவதால் விளையும் இழப்பையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, சொத்துரிமை, வழக்காறு, ரெனோன்சான், வாரிசுரிமை, மூலப்பத்திரம், ஆவணத் தமிழ்.

முன்னுரை

இங்கிலாந்தில் ஆவணங்களை ஆராய்ந்து உரிமைமூலம் தேடித் தரும் சொலிசிட்டரும் நீதிமன்றத்தில் வாதிடும் பாரிஸ்டரும் வெவ்வேறு தொழிலினர். பிரான்சில் சொத்து ஆவணம் எழுதுவது நொத்தேர் எனப்படும் அரசு அங்கீகாரம் பெற்ற ஆவண அலுவலரின் பணி. வாதிடுவது அவோக்கா எனப்படும் வழக்கறிஞரின் பணி. இந்தியாவிலோ 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் வழக்கறிஞர் என்னும் ஒரே வகையினரை முன்னிறுத்தியது. அச்சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, பிரெஞ்சு முறையில் தொழில் நடத்தி வந்தோரையும் வழக்கறிஞர் பட்டியலில் சேர்ப்பதற்காக 58அஅ என்னும் தனிப்பிரிவு இணைக்கப்பட்டது. இவ்வாறு நொத்தேர், அவோக்கா, சொலிசிட்டர் ஆகிய மூவரின் பணிகளிலும் பெரும்பகுதி, புதுச்சேரிச் சொத்து வழக்கறிஞர் ஒருவரின் மேசையில் வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டின் பிற நகரங்களில் உரிமைமூலம் தேடுவோர் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று ஆகியவற்றைக் கோர்த்துப் பார்ப்பர். புதுச்சேரியிலும் இவை தேவை. ஆனால் இவற்றை முறையாகக் கோர்த்த பின்னரும் அங்கு ஒரு கேள்வி எஞ்சி நிற்கும்: இந்நிகழ்வு நடந்த நாளில் இவ்வூரில் எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது?

சட்ட அடுக்குகள் உருவான வரலாறு

பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் உள்ளூர் மக்களின் உரிமையியல் தகராறுகளைச் சாவடி நீதிமன்றம் விசாரித்தது. அதன் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகளை ழான் குளோது பொன்னான் தொகுத்துப் பதிப்பித்துள்ளார். 1819 சனவரி 6ஆம் நாளிட்ட ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளைப் புதுச்சேரியில் நடைமுறைப்படுத்தியது. அதே வேளையில், இந்தியர்கள் தத்தம் வழக்காறுகளின்படியே தீர்ப்பளிக்கப்படுவர் எனவும் உறுதி கூறியது. வழக்காறு எது என்பதில் ஐயம் எழுந்தால் நீதிபதிகளுக்குக் கருத்துரைக்க, 1827ஆம் ஆண்டில் இந்தியச் சட்டவியல் ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. உள்ளூர்ப் பெரியோர்களைக் கொண்ட அக்குழுவின் கருத்துரைகளை லெயோன் சோர்க் தொகுத்தார். புதுச்சேரித் தமிழரான ஞானு தியாகு இந்துச் சட்டக் கோட்பாடுகளைப் பிரெஞ்சு மொழியில் எழுதினார். இந்நூல்கள் இன்றைய வழக்குகளிலும் வழக்காற்றை நிறுவப் பயன்படக்கூடிய சான்றுகளாகும்.

1881 செப்டம்பர் 21ஆம் நாளிட்ட ஆணை மூன்றாவது வழியொன்றைத் திறந்தது. இந்தியர் ஒருவர் தம் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கலாம் என்றது அது. அவ்வாறு துறந்தோர் ரெனோன்சான் எனப்பட்டனர். துறவு திரும்பப் பெற இயலாதது. துறந்தவர் ஒரு குடும்பப் பெயரை ஏற்றார். இவ்வியக்கத்தின் முன்னோடி ஒரு வழக்கறிஞர் என்பது குறிப்பிடத்தக்கது. 1873ஆம் ஆண்டில் ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றம் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிசின் உச்ச முறையீட்டு மன்றம் வரை சென்று வென்ற பொன்னுத்தம்பிப் பிள்ளையே பின்னர் லபோர்த் என்னும் குடும்பப் பெயரை ஏற்றார்.

1954 நவம்பர் 1ஆம் நாள் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகசுட்டு 16ஆம் நாள் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. ஆனால் இந்தியச் சட்டங்கள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1963ஆம் ஆண்டின் புதுச்சேரி (சட்டங்கள்) ஒழுங்குமுறை, 1968ஆம் ஆண்டின் புதுச்சேரி (சட்டங்கள் நீட்டிப்பு) சட்டம் ஆகியவற்றின் வழியாக அவை படிப்படியாக வந்தன. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ஆம் ஆண்டினதாயினும், புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்த நாள் 1963 அக்டோபர் 1 ஆகும். இந்துச் சட்டங்கள் ரெனோன்சான்களுக்குப் பொருந்தா என்னும் விலக்கும் அந்நீட்டிப்பின்போதே சேர்க்கப்பட்டது. எனவே 1963க்குப் பின்னரும் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் புதுச்சேரியில் ஒரு பிரிவினருக்கு வாழும் சட்டமாகவே தொடர்கிறது. இணைப்புக்குப் பின் பிரான்சில் செய்யப்பட்ட திருத்தங்கள் அச்சட்டத்துக்கு இங்கு வந்து சேர்வதில்லை. பாரிசில் மாறிவிட்ட விதிகள் புதுச்சேரியில் பழைய வடிவிலேயே நிலைத்துள்ளன.

ஒரு வீடு, மூன்று விடைகள்

இவ்வடுக்குகள் ஒரு குடும்பத்தின் வாழ்வில் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை விளக்க ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். முத்தியால்பேட்டையில் ஒருவர் திருமணத்திற்குப் பின் 1938ஆம் ஆண்டில் தம் சம்பாத்தியத்தில் ஒரு வீட்டைக் கிரயம் பெறுகிறார். அவருக்கு மனைவி, இரு மகன்கள், ஒரு மகள். உயில் எழுதாமல் அவர் இறக்கிறார். மூத்த மகன் வீட்டிலேயே வாழ்கிறார். இளையவர் பிரான்சில் குடியேறிவிட்டார். மகள் வில்லியனூரில் வாழ்க்கைப்பட்டவர். பல ஆண்டுகளுக்குப் பின் மகள் பாகப்பிரிவினை கோருகிறார்.

தந்தை 1961 சூன் மாதத்தில் இறந்திருந்தால், வாரிசுரிமை அந்நாளின் இந்து வழக்காற்றின்படி அமையும். மகன்கள் இருக்கையில் மகளுக்குப் பங்கு இல்லை. அவர் 1964 சூன் மாதத்தில் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி மனைவி, இரு மகன்கள், மகள் ஆகிய நால்வரும் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு பெறுவர். குடும்பம் ரெனோன்சான் குடும்பமாக இருந்து, திருமண ஒப்பந்தம் ஏதும் செய்யப்படாமல் இருந்திருந்தால், விடை மூன்றாவதாக அமையும். மணவாழ்வுக் காலத்தில் வாங்கிய வீடு கணவன் மனைவியின் பொதுச்சொத்தாகக் கருதப்படும். அதில் பாதி மனைவிக்கே உரியது. எஞ்சிய பாதி ஆண், பெண் வேறுபாடின்றி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகச் சேரும். அதாவது மகளுக்கு ஆறில் ஒரு பங்கு.

வீடும் மனிதர்களும் ஒன்றே; ஆனால் மகளின் பங்கு சூன்யம், கால், ஆறில் ஒன்று என மாறுகிறது. முதல் இரண்டு விடைகளுக்கிடையே உள்ள வேறுபாடு மூன்றாண்டுக் கால இடைவெளி மட்டுமே. இறப்புச் சான்றில் உள்ள நாளையும், கொம்யூன் பதிவேட்டில் துறவுக் குறிப்பு உண்டா என்பதையும் பார்க்காமல் வழக்குரையை வரையும் வழக்கறிஞர், கட்சிக்காரருக்கு இல்லாத உரிமையைக் கோரவும் கூடும். இருக்கும் உரிமையைக் கைவிடவும் கூடும்.

மதத்தை மட்டும் கொண்டு சட்டத்தை ஊகிப்பதும் பிழைக்கு வழிகோலும். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் தனிநிலைச் சட்டத்தைத் துறக்காத தமிழ்க் கத்தோலிக்கர் பலர் வாரிசுரிமையில் உள்ளூர் வழக்காற்றையே பின்பற்றினர். துறந்தோருள் இந்துக்களும் இருந்தனர். எனவே ஒருவர் தேவாலயம் சென்றாரா, கோயில் சென்றாரா என்பதைவிட, அவருடைய முன்னோர் பதிவேட்டில் கையொப்பமிட்டனரா என்பதே முக்கியமானது.

தந்தையின் முழுவுரிமை

பூர்விகச் சொத்து குறித்த வழக்காறு இன்னும் நுண்மையானது. சென்னை மாகாணத்தில் வழங்கிய மிதாட்சரச் சட்டத்தின்படி, பூர்விகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு. பிரெஞ்சிந்தியாவில் ஏற்கப்பட்ட வழக்காற்றிலோ தந்தையே சொத்தின் முழு உரிமையாளர். அவர் உயிரோடிருக்கும் வரை மகனுக்குப் பிறப்புரிமை இல்லை. எனவே புதுச்சேரித் தந்தை ஒருவர் 1950களில் பூர்விக வீட்டைத் தம் மகன்களில் ஒருவருக்கு மட்டும் தானமாக எழுதியிருந்தால், அதனைக் கடலூர் நீதிமன்றத்தின் கண்கொண்டு நோக்குவது தவறாகும். புதுச்சேரியின் நிலப்பகுதிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களோடு பின்னிக் கிடப்பவை. ஒரே குடும்பத்துக்குப் பாகூரிலும் கடலூரிலும் நிலம் இருப்பது இயல்பு. அந்நிலையில், குடும்பம் எங்கு வேரூன்றியது, நிலம் எங்கு உள்ளது என்னும் இரு கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே தானப்பத்திரத்தின் செல்லுபடியை ஆராய இயலும்.

இவ்வழக்காறு இன்றும் விவாதத்துக்குரியது. 2005ஆம் ஆண்டின் திருத்தம் மகளையும் பிறப்பால் கூட்டுரிமையாளர் ஆக்கியது. 2020ஆம் ஆண்டு வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வுரிமைக்குத் தந்தை உயிரோடிருக்க வேண்டியதில்லை எனத் தெளிவுபடுத்தியது. ஆயின், மகனுக்கே பிறப்புரிமை இல்லாத வழக்காற்றில் வந்த குடும்பத்தில் மகளுக்கு எந்தக் கூட்டுரிமை சமமாக்கப்படுகிறது என்னும் கேள்வி எழுகிறது. மகளின் கோரிக்கையைக் கூட்டுரிமையின் மீது நிறுத்துவதா, 8ஆம் பிரிவின் வாரிசுரிமை மீது நிறுத்துவதா என்பதை வழக்கறிஞர் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். தவறான அடித்தளத்தில் நிறுத்தப்பட்ட நியாயமான கோரிக்கையும் தோற்கக்கூடும்.

ஆவணங்களை வாசித்தல்

பிரெஞ்சுக்கால ஆவணங்கள் இருவகைப்பட்டவை. நொத்தேர் முன்னிலையில் எழுதப்பட்டு, மூலப்படி அவரிடமே பேணப்பட்டவை ஒருவகை. கட்சிக்காரர்கள் தமக்குள் எழுதிக் கையொப்பமிட்ட தனி ஆவணங்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையில் எழுதப்பட்டிருக்கும் நாளை மூன்றாமவர் ஏற்க வேண்டியதில்லை. அது பதிவு செய்யப்பட்ட நாள், கையொப்பமிட்டோருள் ஒருவர் இறந்த நாள், அல்லது அதன் சாரம் ஓர் அரசு அலுவலரின் ஆவணத்தில் குறிக்கப்பட்ட நாள் ஆகியவற்றுள் ஒன்றே அதற்கு உறுதியான நாளாகும் என உரிமையியல் தொகுப்பின் 1328ஆம் பிரிவு கூறியது. ஆகவே பழைய பத்திரத்தின் தலைப்பில் உள்ள நாளை மட்டும் வாசித்து நிறைவடைதல் போதாது. ஓரத்தில் உள்ள பதிவு முத்திரையையும் வாசிக்க வேண்டும்.

சில நிபந்தனைகளும் காலத்திற்கேற்பப் பொருள் மாறுபவை. விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்டுக்கொள்ளலாம் என்னும் நிபந்தனையுடன் கூடிய கிரயத்தை எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுத் தொகுப்பின்படி மீட்புக்கான உச்ச எல்லை ஐந்தாண்டு. அது கடந்தால் கிரயம் முழுமையாகிவிடும். இந்தியச் சொத்து மாற்றச் சட்டத்தின்கீழ் அதே போன்ற நிபந்தனையை நீதிமன்றம் அடமானமாகக் கொள்ளவும் இடமுண்டு. அடமானத்தை மீட்க வழக்கிடும் காலம் முப்பது ஆண்டுகள். தமிழில் எழுதப்பட்ட தொடர் ஒன்றாகவே இருக்கலாம். எழுதிய நாள் வேறாயின் அதன் விளைவும் வேறாகும்.

காலவரம்பும் அத்தகையதே. பழைய பிரெஞ்சுத் தொகுப்பில் பொதுவான வரம்பு முப்பது ஆண்டு. நல்லெண்ணத்துடன் தக்க ஆவணம் பெற்று அனுபவித்தவருக்குப் பத்து முதல் இருபது ஆண்டு. இந்தியக் காலவரம்புச் சட்டத்தில் எதிரிடை அனுபவத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு. இவ்விரு முறைகளுக்கும் இடையிலான குழப்பம் நீடித்ததால், உள்ளூர்க் காலவரம்புச் சட்டங்களை நீக்கும் சட்டமொன்றை 1994ஆம் ஆண்டில் புதுச்சேரி இயற்ற வேண்டியதாயிற்று.

அளவும் எல்லையும் பெயரும் தனித்த வாசிப்பைக் கோருகின்றன. புதுச்சேரிப் பத்திரங்களில் குழியும் வரும். ஆர், சென்டியார் என்னும் மெட்ரிக் அலகுகளும் வரும். அங்கு ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. குழி 144 சதுர அடியாக வழங்கும் பகுதியிலிருந்து வருபவர் இதனை அறியாவிடில், நிலத்தின் பரப்பை நான்கில் ஒன்றாகக் குறைத்துக் கணக்கிட நேரும். பழைய கடஸ்தர் எண்ணும் புதிய மறுநில அளவை எண்ணும் ஒன்றையே குறிக்கின்றனவா என்பதும் சரிபார்க்கப்பட வேண்டும். செக்குபந்தியில் வடக்கெல்லை துய்ப்ளேக்சு வீதி என்றிருந்தால், அது இன்றைய சவகர்லால் நேரு வீதி என அறிந்திருக்க வேண்டும்.

பெயர் எழுத்துகள் பெருஞ்சிக்கலை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு எழுத்தர்கள் தமிழ்ப் பெயர்களைத் தம் செவிக்கேற்ப எழுதினர். பிள்ளை புல்லே ஆனார்; சுப்பிரமணியன் சுப்ரமணியேன் ஆனார். 1880ஆம் ஆண்டு ஆணைக்குப்பின் பேணப்பட்ட பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளில் ஒரு வடிவமும், இந்திய அடையாள அட்டையில் வேறொரு வடிவமும் இருக்கும். இரண்டும் ஒருவரே என நிறுவ இயலாவிடில் வாரிசுரிமைச் சங்கிலி அறுந்துவிடும். எனினும் இப்பதிவேடுகள் புதுச்சேரியின் பெருஞ்செல்வம். மூன்று தலைமுறைக்கு முந்திய திருமணத்தின் நாளை எழுத்துச் சான்றுடன் காட்ட இயலும் நகரங்கள் தமிழ் நிலத்தில் மிகச் சிலவே.

தொலைவில் வாழும் உரிமையாளர்

இணைப்பு ஒப்பந்தம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாதக் கால வாய்ப்பளித்தது. அவ்வாறு தேர்ந்தோருள்ளும் அவர்தம் வழியினருள்ளும் பலர் பிரான்சில் வாழ்கின்றனர். வீடுகள் புதுச்சேரியில் பூட்டியோ உறவினர் பொறுப்பிலோ இருக்கின்றன. சொத்தின் மதிப்பு உயர்ந்த நிலையில், போலி அதிகார ஆவணம், ஆள்மாறாட்டம், பொய்யான வாரிசுச் சான்று ஆகியவற்றுக்கு இவ்வீடுகள் எளிதில் இலக்காகின்றன.

இங்கு வழக்கறிஞரின் பணி பெரும்பாலும் முன்காப்புப் பணியாகும். வெளிநாட்டில் எழுதப்படும் அதிகார ஆவணம் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி அந்நாட்டு நொத்தேர் அல்லது இந்தியத் தூதரக அலுவலர் போன்றோர் முன்னிலையில் எழுதப்பட்டுச் சான்றளிக்கப்பட வேண்டும். இந்தியாவிற்கு வந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைத்தீர்வை செலுத்தப்பட வேண்டும். அதிகார ஆவணம் மட்டும் உரிமையை மாற்றாது என 2011ஆம் ஆண்டு சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆவணம் எழுதப்பட்ட நாளில் எழுதியவர் உயிரோடிருந்தாரா என்பதே முதல் கேள்வி. பிரான்சில் பதிவான இறப்பு நாளும் புதுச்சேரியில் பதிவான கிரய நாளும் அருகருகே வைக்கப்படும்போது, பல மோசடிகள் வாதமின்றியே வெளிப்படும்.

வீட்டில் தங்கி வாழ்ந்த சகோதரரின் நிலையையும் நேர்மையுடன் எடுத்துரைப்பது வழக்கறிஞரின் கடமை. அவர் வரி செலுத்தியிருப்பார், கூரையைச் செப்பனிட்டிருப்பார், தாயைப் பேணியிருப்பார். ஆயினும் கூட்டுரிமையாளர் ஒருவரின் நீண்டகால அனுபவம், பிறரின் உரிமையை வெளிப்படையாக மறுத்தாலன்றி, எதிரிடை அனுபவம் ஆகாது. இதனை வழக்குத் தொடுக்கும் முன்னரே கட்சிக்காரருக்கு விளக்கும் வழக்கறிஞர், செப்பனிட்ட செலவைக் கணக்கில் கொண்டு உடன்பாட்டுப் பாகப்பிரிவினைக்கு வழி காட்ட இயலும். தெளிவான காலவரிசைப் பட்டியல் ஒன்று இருதரப்பின் முன்னும் வைக்கப்படுவதே பெரும்பாலும் உடன்பாட்டின் தொடக்கமாகும்.

அருகிவரும் வாசிப்புத் திறன்

மேற்கூறிய பணிக்குத் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மும்மொழி ஆவண அறிவு வேண்டும். பிரெஞ்சுச் சட்டக்கல்வி பெற்ற தலைமுறை மறைந்து வருகிறது. கையெழுத்தாலான பழைய பத்திரத்தை வாசிக்கத் தெரியாதபோது, கட்சிக்காரர் மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொல்லை நம்ப நேரிடுகிறது. வாழ்நாள் அனுபவ உரிமை என்பதை முழுவுரிமை என மொழிபெயர்த்தால், கைம்பெண் ஒருவர் விற்க இயலாததை விற்றவராகவோ, பிள்ளைகள் இழக்காததை இழந்தவராகவோ ஆவர்.

இவ்விடத்தில் தமிழாய்வுக்கு நேரடியான பொறுப்பு உண்டு. இந்திய தேசிய ஆவணக்காப்பகத்தின் புதுச்சேரி மையத்தில் உள்ள ஆவணங்களும் குடும்பங்களின் பெட்டிகளில் உள்ள பத்திரங்களும் சட்டச் சான்றுகள் மட்டுமல்ல. மொழிச் சான்றுகளும் ஆகும். பிரெஞ்சுச் சட்டக் கருத்துகளுக்குப் பத்திர எழுத்தர்கள் கண்ட தமிழ்த் தொடர்கள், பெயர்களின் எழுத்துமாற்ற முறை, வீதிப் பெயர் மாற்றம், நில அளவைச் சொற்கள் ஆகியவற்றைத் தொகுத்து ஓர் ஆவணச் சொல்லடைவு உருவாக்குவது மொழியியலார், வரலாற்றாய்வாளர், சட்டக்கல்லூரி ஆசிரியர் ஆகியோர் இணைந்து செய்யத்தக்க பணி.

முடிவுரை

புதுச்சேரிச் சொத்துத் தகராறுகளில் பெரும்பாலும் முதலில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வி, எந்நாளில் எச்சட்டம் என்பதே. 1963 அக்டோபர் 1, 1881க்குப் பிந்திய ஒரு துறவுக் கையொப்பம், ஒரு பத்திரத்தின் பதிவு முத்திரை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு மகளின் பங்கையோ ஒரு தாயின் பாதியையோ தீர்மானிக்க வல்லவை. ஆகவே, அங்குச் சொத்து வழக்கறிஞர் வாதத்திறனுக்கு முன்னதாக ஆவண வாசிப்பில் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். அவ்வாசிப்புக்கான கருவிகளை ஆய்வுலகம் ஆக்கித் தராவிடில், சட்டம் அளித்துள்ள உரிமைகளும் படிக்க இயலாத தாள்களில் முடங்கிக் கிடக்கும்.